வாரன்டி இருந்தும் கட்டணம் கேட்டால்? கார் உரிமையாளர்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

வாரன்டி காலத்தில் இன்ஜினோ கியர்பாக்ஸோ பழுதாகி, ‘இது வாரன்டியில் வராது’ என்று சர்வீஸ் சென்டர் கைவிரித்துவிட்டால், எங்கே முறையிடுவது என்பது பலருக்குத் தெரிவதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, கடந்த 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதன் பிறகு ஆணையங்களின் வரம்பு மாறியது. 2025 ஜனவரி 1 முதல் ‘இ-ஜாக்ரிதி’ என்ற புதிய இணையதளமும் வந்துள்ளது. கடலூர், சிதம்பரம் பகுதி வாகன உரிமையாளர்களுக்கு எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே.

வாரன்டி இருந்தால் எல்லாப் பழுதும் இலவசம்தானே?

இல்லை. தயாரிப்புக் குறையால் வரும் பழுதை மட்டுமே வாரன்டி ஏற்கிறது. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் போன்று ஓட ஓடத் தேயும் பாகங்கள் பொதுவாக அதில் சேராது. டயருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் பெரும்பாலும் அவற்றைத் தயாரித்த நிறுவனங்களின் தனி வாரன்டி பொருந்தும். ‘3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை’ என்று இருந்தால், 20 மாதங்களிலேயே 1 லட்சம் கி.மீ. ஓடிய காருக்கு அன்றே வாரன்டி முடிந்துவிடும்.

வாரன்டியில் வராது என்று வாய்மொழியாகச் சொன்னால் போதுமா?

போதாது. எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கப்படுகிறது என்பதை எழுத்தில் அல்லது மின்னஞ்சலில் கேட்டுப் பெற வேண்டும். பின்னர் எழும் வழக்கு முழுவதும் அந்தக் காரணத்தைச் சுற்றியே நடக்கும். எழுத்தில் தர மறுத்தால், நடந்ததைக் குறிப்பிட்டு டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் உரிமையாளரே மின்னஞ்சல் அனுப்பி வைப்பது ஆதாரமாகும்.

ஜாப் கார்டில் என்ன எழுதப்பட்டிருக்க வேண்டும்?

பழுது உள்ளபடியே எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘ஜெனரல் செக்கப்’ என்று மட்டும் இருந்தால், அந்தப் பழுது அன்றே இருந்தது என்பதைப் பிறகு நிரூபிப்பது கடினம். ‘இரண்டாவது கியரில் உறுமல் சத்தம், 41,200 கி.மீ.’ என்பது போல அறிகுறியும், ஓடிய தூரமும், தேதியும் பதிவாகி, அதன் நகல் கைக்கு வந்த பிறகே வண்டியை விடுவது நல்லது. ஒரே பழுதுக்காக நான்கு முறை சென்றிருந்தால் நான்கு ஜாப் கார்டுகளும் வேண்டும்.

வாரன்டி முடிய சில நாட்களே இருக்கும்போது பழுது தெரிந்தால்?

புகார் பதிவான தேதியே முக்கியம். வாரன்டி காலத்துக்குள் ஜாப் கார்டில் ஏறிய பழுது சரியாகத் தீராமல் அதே பழுது திரும்ப வந்தால், காலம் முடிந்துவிட்டது என்ற வாதம் வலுவிழக்கும்.

வெளி மெக்கானிக்கிடம் ஒரு முறை காட்டியதற்காக வாரன்டியையே ரத்து செய்யலாமா?

இந்திய போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் தொடர்பாக 2014 ஆகஸ்ட் 25-ல் பிறப்பித்த உத்தரவில், இப்படி ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்று கூறியது. வெளியில் செய்த தவறான வேலையால் எந்தச் சேதம் ஏற்பட்டதோ, அந்த அளவுக்கு மட்டுமே வாரன்டியை மறுக்கலாம் என்பது அதன் நிலைப்பாடு. இந்த உத்தரவை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. வெளியில் ஹார்ன் மாற்றியதைக் காரணம் காட்டி கியர்பாக்ஸ் வாரன்டி மறுக்கப்பட்டால், இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று எழுத்துபூர்வமாகக் கேட்க முழு நியாயம் உண்டு.

வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு வாரன்டி உண்டா?

கிடையாது, அது காப்பீட்டின் கீழ் வருவது. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலை அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் பெருகி கடலூர் பகுதி மூழ்கியது போன்ற சூழலில், தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்து பார்ப்பது பெரும் நஷ்டத்தில் முடியும். அப்படி இன்ஜின் சேதமானால், ‘இன்ஜின் புரொடெக்‌ஷன்’ என்ற கூடுதல் காப்பீடு இல்லாதவருக்கு இழப்பீடு மறுக்கப்பட வாய்ப்பு அதிகம்.

பணம் கட்டினால்தான் கார் வெளியே வரும் என்கிறார்கள். கட்டிவிட்டால் உரிமை போய்விடுமா?

போகாது. ‘வாரன்டி மறுப்பை ஏற்காமல், ஆட்சேபத்துடன் செலுத்தப்படுகிறது’ என்று பில்லில் எழுதி, அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டுக் கட்டணத்தைச் செலுத்தலாம். உரிமையாளர் செலவில் மாற்றப்பட்ட பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னாளில் பரிசோதனைக்கு அதுவே சாட்சி.

புகார் டீலர் மீதா, தயாரிப்பு நிறுவனம் மீதா?

வாரன்டி தருவது தயாரிப்பு நிறுவனம். பழுது பார்ப்பது டீலர். எனவே இருவரையும் எதிர்தரப்பில் சேர்ப்பதே பாதுகாப்பு. கோவாவில் 2009 மாடல் காரை 2011 மாடல் என்று டீலர் விற்ற வழக்கில், டீலரின் செயல் நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்கப்படாததால், டாடா மோட்டார்ஸைப் பொறுப்பாக்க முடியாது என 2021 பிப்ரவரி 18-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யார் செய்த தவறு எது என்பதைப் புகாரில் தனித்தனியாகக் குறிப்பிடுவது அவசியம்.

கார் வாங்கியது புதுச்சேரியில்; வசிப்பது சிதம்பரத்தில். வழக்கு எங்கே?

கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்தில் வழக்குத் தொடர 2019 சட்டம் அனுமதிக்கிறது. இ-ஜாக்ரிதி மூலம் இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். காணொலி விசாரணை கோரி ஆணையத்தில் மனு கொடுக்கவும் வழி உண்டு. வழக்கறிஞர் கட்டாயமில்லை.

கட்டணம் எவ்வளவு?

பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகையே கணக்கு. கேட்கும் இழப்பீடு கணக்கில் வராது. ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை, ரூ.5 லட்சத்துக்கு மேல் ரூ.10 லட்சம் வரை ரூ.200, ரூ.20 லட்சம் வரை ரூ.400, ரூ.50 லட்சம் வரை ரூ.1,000. கொடுத்த தொகை ரூ.50 லட்சத்தைத் தாண்டினால் மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை; ரூ.2 கோடி வரை சென்னையில் உள்ள மாநில ஆணையத்தை அணுக வேண்டும்.

எத்தனை நாளுக்குள் புகார் செய்ய வேண்டும்?

வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள். தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். வழக்குக்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் பதியலாம்; நிறுவனத்துடன் பேசித் தீர்க்க அது உதவும், ஆனால் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை.

வாடகைக் கார் ஓட்டுபவருக்கு இந்த உரிமை உண்டா?

தனது பிழைப்புக்காக, சுயதொழிலாக ஓட்டுபவருக்கு உண்டு. லாப நோக்கில் பல கார்களை வாங்கி ஆள் வைத்து ஓட்டும் நிறுவனம் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகாது.

புதிய காரே கிடைக்குமா?

எளிதில் கிடைக்காது. வாரன்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தரும் வாக்குறுதியே, முழுக் காரையும் மாற்றித் தருவது அல்ல என்று மாருதி உத்யோக் தொடர்பான வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் விபத்தில் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் கிரெட்டா வழக்கில், வாகனத்தை மாற்றித் தரவும் ரூ.3 லட்சம் வழங்கவும் பிறந்த உத்தரவை 2022 ஏப்ரல் 20-ல் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. எனவே பாக மாற்றம், செலுத்திய தொகை, இழப்பீடு, வழக்குச் செலவு என வேண்டிய அனைத்தையும் புகாரிலேயே கேட்டுவிட வேண்டும்.

தயாரிப்புக் குறை என்று சாதாரண மனிதர் எப்படி நிரூபிப்பது?

இங்குதான் பல புகார்கள் தோற்கின்றன. பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு; ஆய்வகம் 45 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும், அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் முதலில் செலுத்த வேண்டும். ஃபியட் கார் தொடர்பான வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம், டீலருக்குத் தொடர்பில்லாத தொழில்நுட்ப நிபுணர் ஆய்வு செய்து தயாரிப்புக் குறை இருப்பதாகச் சொன்னால், காரின் விலையை 12 சதவீத வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்றது. நிபுணர் ஆய்வு கோரும் மனுவைத் தொடக்கத்திலேயே கொடுக்காமல் வழக்கை நடத்துவது ஆபத்தானது.

எவ்வளவு காலம் ஆகும்?

எதிர்தரப்பு பதிலளிக்க 30 நாள், கூடுதலாக அதிகபட்சம் 15 நாள். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதங்களில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் பல வழக்குகள் இதைவிட நீள்கின்றன.

தீர்ப்பு வந்தும் பணம் தராவிட்டால்?

எதிர்தரப்பு 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் இல்லை என்றால் நிறைவேற்று மனு தாக்கல் செய்யலாம். உத்தரவை மதிக்காதவருக்கு 1 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.25,000 முதல் ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.