பவர் பேங்க் வாங்கும்போது பில் கேளுங்கள்

கடை அலமாரியில் இரண்டு பவர் பேங்க் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றில் 20,000 எம்ஏஎச் என்று அச்சிட்டிருக்கிறது. விலை இரண்டாயிரத்தை ஒட்டி. மற்றொன்றில் 50,000 எம்ஏஎச். விலை எண்ணூறு ரூபாய். இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஐம்பதாயிரம் என்று சொல்லிக்கொள்வது இலேசாக இருந்தால், அதை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

காரணம் எளிது. பவர் பேங்க்கின் உள்ளே இருப்பவை லித்தியம் அயான் செல்கள். அவற்றில் பரவலாகப் புழங்குவது 18650 என்ற உருளை வகை. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், எடை 45 முதல் 50 கிராம். நல்ல தரமான செல் ஒன்று சுமார் 3,500 எம்ஏஎச் வரை தாங்கும். அப்படியானால் 20,000 எம்ஏஎச் வேண்டுமென்றால் ஆறு செல்லாவது உள்ளே இருக்க வேண்டும். செல்களின் எடையே கிட்டத்தட்ட 280 கிராம் வந்துவிடும். 50,000 என்றால் பதினைந்து செல். முக்கால் கிலோவை நெருங்கும். தட்டையான பௌச் செல் போட்டாலும் எடை பெரிதாகக் குறையாது. இருநூறு கிராமில் ஐம்பதாயிரம் என்பது நடக்கவே முடியாத காரியம். சமையலறைத் தராசு ஒன்று போதும், இந்தப் பொய்யைப் பிடித்துவிட.

நேர்மையான நிறுவனங்களின் எண்ணையும் சரியாகப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. 20,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் மின்னழுத்தமான 3.7 வோல்ட்டில் சொல்லப்படும் கணக்கு. யுஎஸ்பி வழியாக வெளியே வருவதோ 5 வோல்ட் அல்லது அதற்கும் மேல். மின்னழுத்தத்தை ஏற்றும்போது கொஞ்சம் வெப்பமாக வீணாகும். கடைசியில் 5 வோல்ட்டில் உங்களுக்குக் கிடைப்பது 12,000 அல்லது 13,000 எம்ஏஎச்தான். தரமான தயாரிப்பில் இந்த இரண்டாவது எண்ணையும் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். 5,000 எம்ஏஎச் போனை நான்கு முறை ஏற்றலாம் என்று கணக்குப் போட்டவருக்கு மூன்று முறைதான் கிடைக்கும். அது ஏமாற்று இல்லை. அந்த எண்ணை மறைத்து விற்பதுதான் ஏமாற்று.

அதனால் எம்ஏஎச்சை விட்டுவிட்டு வாட் அவரைப் பாருங்கள். எம்ஏஎச்சை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட் அவர் வரும். 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட் அவர். லேப்டாப்பின் அடியிலோ அதன் பேட்டரியிலோ அதன் வாட் அவர் எழுதியிருக்கும். மெல்லிய மாடல்களில் ஐம்பதிலிருந்து எழுபதுக்குள் இருக்கும். வால்பாறையிலோ ஏற்காட்டிலோ அறை எடுத்து வேலை பார்ப்பவருக்கு 74 வாட் அவர் பவர் பேங்க், லேப்டாப்பை ஒரு முறை நிரப்பும்; பெரிய பேட்டரி என்றால் அதுவும் முழுதாக வராது. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பாதிக் கூட்டத்தில் திரை அணைந்துபோகும் அவதி இருக்காது.

லேப்டாப்புக்கு வாங்குபவர் வேகத்தையும் பார்க்க வேண்டும். பவர் டெலிவரி என்ற வசதி உள்ள யுஎஸ்பி சி துளையில் 45 வாட், 65 வாட் என்று போட்டிருக்கும். அது உங்கள் லேப்டாப்பின் சார்ஜரில் உள்ள வாட்டுக்குச் சமமாகவாவது இருக்கட்டும். போனையும் சேர்த்துச் செருகினால் அந்த வாட் இரண்டாகப் பிரியும். 60 வாட்டுக்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் தாங்கும் கேபிள் தேவை. போனுடன் வந்த சாதாரண கேபிள் போதாது. வீட்டில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் வைஃபை ரவுட்டரை ஓட்டத்தான் வேண்டுமென்றால், பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அதற்கு ரவுட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் வாங்குவதே நல்லது.

விமானத்தில் போகிறவருக்கு 100 வாட் அவர் என்பதே எல்லை. அதுவரை கைப்பையில் கொண்டுபோகலாம். 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன்அனுமதி வேண்டும். அதற்கும் மேல் அறவே கூடாது. 27,000 எம்ஏஎச் என்றால் 99.9 வாட் அவர். பல நிறுவனங்கள் அந்த அளவோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். செக்-இன் பெட்டியில் எந்த அளவானாலும் வைக்கக் கூடாது. சரக்கு அறையில் தீப்பிடித்தால் கிட்டே போய் அணைக்க ஆள் கிடையாது. மேலே வாட் அவர் அச்சிடாத, எழுத்து அழிந்துபோன பவர் பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் தடுத்துவிட்டால் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

இந்தக் கெடுபிடியைத் தொல்லையாக நினைக்க வேண்டாம். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் புசான் நகர விமான நிலையத்தில் ஏர் புசான் விமானம் கிளம்பும் தறுவாயில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் அவசர வழியாகத் தப்பினார்கள். விமானத்தின் கூரை எரிந்து திறந்துகொண்டது. மேல்பெட்டியில் இருந்த ஒரு பவர் பேங்க்கினுள் மின்காப்பு சிதைந்ததே காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை. அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸும், அக்டோபரிலிருந்து எமிரேட்ஸும் பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தத் தடை போட்டன. எமிரேட்ஸில் ஒருவருக்கு ஒன்றுதான். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் வேலைக்காகப் போய்வருகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். இந்தியாவில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவும் பறக்கும்போது பவர் பேங்க்கால் சார்ஜ் போடக் கூடாது, மேல்பெட்டியில் வைக்கக் கூடாது என்று அறிவுறுத்தியிருக்கிறது. கண்ணுக்கு எட்டும் இடத்தில், முன் இருக்கையின் அடியில் வையுங்கள். சூடேறினாலோ வீங்கினாலோ மறைக்காமல் உடனே பணியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

பெரிய பெயர் என்பதும் முழுக் காப்பு இல்லை. 2025 ஜூனில் ஆங்கர் நிறுவனம் தன் 10,000 எம்ஏஎச் மாடல் ஒன்றை அமெரிக்காவில் மட்டும் பதினொரு லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்றது. ஆனால் அங்கே வாங்கியவருக்கு ஒரு வழி இருந்தது: மாடல் எண்ணைப் பார்த்து, வரிசை எண்ணைக் கொடுத்து, மாற்றுப் பொருளோ பரிசு அட்டையோ பெறலாம். பெயரே இல்லாத எண்ணூறு ரூபாய்ப் பொருளை யார் திரும்பக் கூப்பிடுவார்கள்?

இங்கேதான் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்கிறது. இந்தியாவில் பிஐஎஸ் என்ற தரநிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவு இல்லாமல் பவர் பேங்க் விற்கவே கூடாது. பதிவு பெற்ற பொருளின் மீது ஆர் என்ற எழுத்தும் அதையடுத்து எட்டு இலக்கமும் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற செயலியைப் போனில் இறக்கி, அந்த எண்ணை அடித்துப் பாருங்கள். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். எண் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாதீர்கள். வரும் விவரத்தில் பிராண்டின் பெயர் உங்கள் கையில் இருப்பதுதானா, பொருளின் வகை பவர் பேங்க்தானா என்று படியுங்கள். யாரோ ஒருவருடைய சார்ஜர் எண்ணை எடுத்து ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி, அதிகபட்ச விலை, புகார் தொடர்பு எண் ஆகியவையும் இருந்தாக வேண்டும்.

அடுத்தது பில். "பில் வேணாம்னா நூறு ரூபா குறைச்சுக்கலாம் சார்" என்று கடைக்காரர் சொல்வார். அந்த நூறு ரூபாய்க்கு நீங்கள் விற்றுவிடுவது உங்கள் வழக்குரிமையை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பது இந்த உரிமையைப் பறித்துவிடாது.

பவர் பேங்க் வெடித்துக் கை வெந்துவிட்டது, படுக்கை எரிந்துவிட்டது என்றால் அதே சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயம் வருகிறது. தயாரிப்பாளர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பொருளில் குறை இருந்தது, அதனால் தீங்கு வந்தது என்று காட்டினால் போதும். தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டால் விற்றவரே பொறுப்பு. பெயரில்லாத பொருளை விற்கிற எந்தக் கடைக்காரரும் இதை உங்களிடம் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர்தான் விற்றார் என்பதற்கு உங்கள் கையில் பில் வேண்டும். இணையத்தில் வாங்கியிருந்தால் ஆர்டர் விவரமே சாட்சி. விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி.

அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எரிந்துபோன பவர் பேங்க்கை மட்டும் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். ஆறியதும் ஒரு தகர டப்பாவில் போட்டு வீட்டுக்கு வெளியே பத்திரமாக வையுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லும். மருத்துவமனைச் சீட்டையும் சேர்த்து வையுங்கள்.

நல்ல பொருளும் நாம் நடத்துகிற விதத்தில் கெட்டுப்போகும். மே மாத வெயிலில் கதவடைத்து நிறுத்திய காரின் முன்பலகை பவர் பேங்க்குக்கு மிக மோசமான இடம். தலையணைக்கு அடியில் வைத்து இரவெல்லாம் சார்ஜ் போடுவதும் அப்படித்தான். செல் ஒருமுறை உள்ளுக்குள் சூடேறிச் சங்கிலியாகப் பற்றத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். வரும் புகையும் நச்சு. குழந்தைகளை முதலில் வெளியேற்றுங்கள். நெருங்க முடிந்தால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர வையுங்கள். முடியாதென்றால் கதவைச் சாத்திவிட்டு 101ஐ அழையுங்கள்.

வீங்கிப்போன பவர் பேங்க்கைக் குத்திப் பார்க்க வேண்டாம், மறுபடி சார்ஜ் போட வேண்டாம். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிப்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வாங்கிய கடையிலோ நிறுவனத்தின் சேவை மையத்திலோ கேட்டு ஒப்படையுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் அது குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கலாம். அந்த வண்டியின் பக்கத்தில் நிற்பவர் தூய்மைப் பணியாளர். அவரை நினைத்தாவது அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.