வெண்ணெய்க்கத்தியும் பல்லாங்குழியும்

ஸ்வீடன்ல யார் வீட்டுக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் போனாலும் வெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்துல ஒரு மரக்கத்தி கிடக்கும். கொஞ்சம் கோணலா, பிடி மட்டும் தடிமனா இருந்துச்சுன்னா கேட்டுப் பாருங்க. "இது எங்க பொண்ணு நாலாங்கிளாஸ்ல செஞ்சது"ம்பாங்க. அந்தப் பொண்ணுக்கு இப்ப முப்பது வயசு, ஏதாவது பேங்க்ல வேலை பார்த்துக்கிட்டு இருக்கும். கத்தி மட்டும் இன்னும் தினமும் வெண்ணெய் தடவுது.

கோத்தென்பர்க் நகரத்துக்குப் படிக்க வந்த புதுசுல நாலஞ்சு வீட்டுல இதையே பார்த்தப்புறம் விசாரிச்சேன். இது பொழுதுபோக்கு இல்லை மக்களே, பாடம்!

ஸ்லொய்ட்

இந்தப் பாடத்துக்குப் பேர் ஸ்லொய்ட். கைவினைன்னு அர்த்தம். மரம், உலோகம், துணி மூணும் இதுல அடக்கம். ஒன்பது வருஷப் பள்ளிப் படிப்புல ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைஞ்சது 330 மணி நேரம் இதுக்குக் கொடுத்தே ஆகணும். டாக்டர் பிள்ளை, பஸ் டிரைவர் பிள்ளைன்னு வித்தியாசம் கிடையாது. 1969ல வந்த பாடத்திட்டத்துக்குப் பிறகு பையன்கள் தையலும் பொண்ணுங்க மரவேலையும் சேர்ந்தே படிக்கிறாங்க.

இதுக்கு முன்னோடி பக்கத்து நாடான பின்லாந்து. உனோ சிக்னேயுஸ்ங்கிற கல்வியாளர் முயற்சியால 1866லயே அங்க தொடக்கப் பள்ளியில கைவேலை பாடமாயிருச்சு. ஸ்வீடன்ல இதை வளர்த்தவர் ஒட்டோ சாலமன் (1849 – 1907). இவரோட மாமா ஆகஸ்ட் ஆபிரகாம்சன் பெரிய வியாபாரி. கோத்தென்பர்க்ல இருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, நேஸ்ங்கிற இடத்துல ஏரிக்கரை மேல அவருக்கு ஒரு மாளிகை. அந்த வளாகத்துல 1870கள்ல ஆசிரியர்களுக்குக் கைவேலைப் பயிற்சி ஆரம்பிச்சாங்க. பிறகு பல நாட்டு ஆசிரியர்கள் கப்பலேறி வந்து கத்துக்கிட்டுப் போயிருக்காங்க. அந்த மாளிகையை இன்னைக்கும் போய்ப் பார்க்கலாம்.

சாலமன் வெச்ச விதிகள் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. செய்யற பொருள் வீட்டுக்கு உபயோகப்படணும். சும்மா பயிற்சிக்காக மரத்தை வெட்டிப் போடக் கூடாது. சுலபமானதுல தொடங்கிப் படிப்படியா கஷ்டமானதுக்குப் போகணும். ஆரம்பம் முதல் முடிவு வரை பிள்ளையே செய்யணும். வாத்தியார் பிள்ளையோட வேலையில கை வைக்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, நோக்கம் தச்சரை உருவாக்குறது இல்லை. உடல் உழைப்பு மேல மரியாதை வரணும், கண்ணும் கையும் நேர்த்தியா இயங்கணும், அவ்வளவுதான்.

நம்ம ஊர்லயும் டைம்டேபிள்ல 'கிராஃப்ட்'னு ஒரு பீரியட் இருக்கும். கணக்கு வாத்தியார் வந்து வாங்கிக்குவார் :-)

மாடிப்படிக்குக் கீழே ஒரு பட்டறை

இந்த ஊர்ல நிறைய அடுக்குமாடிக் குடியிருப்புகள்ல துணி துவைக்கிற அறை மாதிரியே அடித்தளத்துல ஒரு மரவேலை அறையும் இருக்கும். எங்க கட்டடத்துலயும் உண்டு. மரம் கவ்வுற பட்டறைப் பலகை ஒண்ணு, சுவர் நிறைய ரம்பம், உளி, இழைப்புளி. நோட்டுல பேர் எழுதிட்டு சாவி வாங்கிக்கலாம்.

அங்க போறவங்கள்ல ஒருத்தர் ரிட்டயரான பல் டாக்டர். நாற்பது வருஷம் பல்லுல குழி அடைச்சவர், இப்ப மரத்துல குழி தோண்டிக்கிட்டு இருக்கார். பேரப்பிள்ளைங்களுக்குக் கரண்டி, கோட்டு மாட்டுற ஆணிப்பலகை, முக்காலின்னு ஏதாவது ஒண்ணு செஞ்சுக்கிட்டே இருப்பார். கிறிஸ்துமஸுக்குக் கடையில எதுவும் வாங்க மாட்டார். அவர்தான் என் கையில முதல்ல கத்தியைக் கொடுத்தவர். மூரா ஊருக்குப் பக்கத்துல ஓஸ்ட்னூர்னு ஒரு கிராமம். கத்தி செய்யறதுல பேர் போன ஊர். அங்க செஞ்ச கத்தி அது. விலை கம்மி, கூர் பிரமாதம்.

வெண்ணெய்க்கத்தி, சட்டியில கிண்டுற துடுப்பு, ரொட்டி வெட்டுற பலகைன்னு ஒரு குளிர்காலம் போச்சு. அடுத்த கோடையில ஊருக்குப் போறதுக்கு டிக்கெட் போட்டதும் யோசனை வந்துச்சு. எத்தனை தடவைதான் சாக்லேட் டப்பாவும் சென்ட் பாட்டிலும் தூக்கிட்டுப் போறது? பாட்டிக்கு ஒரு பல்லாங்குழி செஞ்சு எடுத்துட்டுப் போகலாம்!

பல்லாங்குழி செய்யற விதம்

யாராவது செஞ்சு பார்க்க நினைச்சா உபயோகப்படட்டும்னு அளவோட எழுதறேன்.

மரம்: இங்க மலிவா கிடைக்கிறது பிர்ச். வெள்ளை நிறம், நெருக்கமான நார், உளிக்கு நல்லா ஒத்துழைக்கும். 50 செ.மீ. நீளம், 16 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனம். முடிச்சு இல்லாத, நல்லா காய்ஞ்ச பலகையாப் பார்த்து எடுங்க.

குறி போடறது: ஒரு வரிசைக்கு 7 குழி, ரெண்டு வரிசை, மொத்தம் 14. குழி 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. ஆழம். நடுப்புள்ளியில இருந்து அடுத்த நடுப்புள்ளிக்கு 6.5 செ.மீ. விட்டா ஓரத்துல ரெண்டு பக்கமும் 3 செ.மீ. மிஞ்சும். காம்பஸ்ல வட்டம் போட்டுட்டு, ஆழத்துக்கு அடையாளமா நடுவுல ஒரு சின்ன ஓட்டை போட்டு வெச்சுக்கணும். எல்லாக் குழியும் ஒரே ஆழத்துல வர்றதுக்கு அந்த ஓட்டைதான் அளவுகோல்.

குடையறது: பலகையை மேசையோட இறுக்கிக் கட்டிருங்க. ஒரு கையால பலகையைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால உளி ஓட்டற வேலையே வேணாம். வாய் வளைஞ்ச குழி உளியும் கொட்டாப்புளியும் போதும். முதல்ல நாருக்குக் குறுக்கா வெட்டி நடுவைத் தோண்டணும். பிறகு விளிம்புல இருந்து அடிப்பக்கம் பார்த்து இறங்கணும். அடியைத் தொட்டதும் நிறுத்திட்டு, எதிர் விளிம்புக்கு வந்து அங்க இருந்து மறுபடி இறங்கணும். அடியில இருந்து மேல ஏறினா நார் பிய்ச்சுக்கிட்டு வரும். இந்த ஒரு விதியிலதான் மொத்த வேலையும் இருக்கு.

ஒரு குழிக்கு எனக்கு ஒரு சாயங்காலம் ஆச்சு. ஏழாவது குழிக்கு அப்புறம் வேகம் பிடிச்சிருச்சு. கடைசிக் குழிகள் நாற்பது நிமிஷம்.

மெருகு: உப்புத்தாள் 80, 120, 180, 240னு வரிசையா. நடுவுல ஈரத்துணியால ஒரு தடவை துடைச்சுக் காயவெச்சா படுத்திருந்த நார் எழுந்து நிக்கும். அதையும் தேய்ச்சுட்டா பிறகு சொரசொரப்பே வராது. கடைசியா ஆளிவிதை எண்ணெய். மெல்லிசா தடவி, கால் மணி நேரம் கழிச்சு மிச்சத்தைத் துடைச்சுட்டு, நாலு நாள் காயவிட்டு இன்னொரு பூச்சு.

இதை மட்டும் கவனமாப் படிங்க: ஆளிவிதை எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டிக் குப்பையில போடாதீங்க! அந்த எண்ணெய் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்துதான் காயுது. அப்ப சூடு வெளிய வரும். சுருண்ட துணியில அந்தச் சூடு தேங்கித் தானா தீப்பிடிக்கும். கதையில்லை, நிஜம். துணியைத் தண்ணியில முக்கி மூடிபோட்ட தகர டப்பாவுல வைங்க, இல்லைன்னா வெளியில ஒத்தையா விரிச்சுக் காயப்போடுங்க.

இன்னொண்ணு. இங்க குளிர்காலத்துல ஹீட்டர் போட்ட வீட்டுக்குள்ள காத்து ரொம்ப வறட்சி. அந்த வறட்சியில இருந்த பலகை நம்ம ஊர் ஈரக்காத்துக்கு வந்தா அகலவாக்குல 2, 3 மில்லிமீட்டர் கூட உப்பும். நீளவாக்குல ஒண்ணும் ஆகாது. ஒரே பலகையில செஞ்ச பொருளுக்கு இதனால ஆபத்தில்லை. மூடி போட்ட பெட்டி செய்யறவங்க இடைவெளி விட்டுச் செய்யுங்க.

சோழிக்குப் பதிலா ஏஷியன் கடையில கொட்டையோட விக்கிற புளியை வாங்கி ஊறப்போட்டேன். குழிக்கு 5 வீதம் 70 கொட்டை. ரசமும் வெச்சாச்சு.

இதுக்கா அனுப்பினேன்?

எங்க ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மரத்துல செப்புச் சாமான் கடையற பூமி. எங்க தாத்தா தச்சர். கதவு, நிலை, மாட்டு வண்டின்னு சுத்துப்பட்டு ஊர் முழுக்க அவர் வேலை இருக்கு. ஆனா எனக்கு உளி பிடிக்கத் தெரியாது. அப்பா விடலை. பட்டறைப் பக்கம் நின்னாலே "போய்ப் புஸ்தகத்தை எடுல"ம்பார்.

அப்பாவோட பக்கத்தையும் சொல்லணும். அறுபது வயசு தாத்தாவை, வேலை கொடுத்த வீட்டுப் பத்து வயசுப் பொடியன் "ஏய் ஆசாரி"ன்னு பேர் இல்லாம கூப்பிடறதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். உளியைத் தொடாம இருந்ததாலதான் அப்பாவுக்கு ஆபீஸ் நாற்காலி கிடைச்சது, எனக்கு ஸ்வீடன் விசா கிடைச்சது. அவர் கணக்கு அது. தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

பெட்டியில இருந்து பல்லாங்குழியை எடுத்ததும் அப்பா முகம் மாறிருச்சு. "இதுக்கால உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினேன்?"னு மட்டும் கேட்டுட்டு வெளிய போயிட்டார். பாட்டி புளியங்கொட்டையை எண்ண ஆரம்பிச்சாச்சு. தாத்தாவுக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியாது. பலகையை மடியில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு குழியிலயும் கட்டைவிரலை ஓட்டினார். பதினாலும் முடிச்சிட்டுக் கேட்டார்: "எய்யா, நார் போக்கு பாத்துல்லா எறக்கியிருக்க. யாரு சொல்லிக் குடுத்தா?"

பல் டாக்டர்னு சொன்னேன். நம்பலை. "வைத்தியரு எதுக்கு உளி பிடிக்காரு? அவருக்கு என்ன கஷ்டம்?"

இந்தக் கேள்விக்கு அப்ப எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. விமானத்துல திரும்பி வர்றப்ப அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன்.

330 மணி நேரமும் அரை நாளும்

கைத்தொழிலைப் பள்ளிக்கூடத்தோட இணைக்கிற பேச்சு நமக்குப் புதுசு இல்லை. 1937ல வார்தா மாநாட்டுல காந்தி ஆதாரக் கல்வியை முன்வெச்சார். 1953ல சென்னை மாகாண முதல்வரா இருந்த ராஜாஜி கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளி நேரம் மூணு மணி நேரமாக் குறையும். மீதி நேரத்துல பிள்ளைங்க பெற்றோரோட தொழிலைக் கத்துக்கணும். இருக்கிற பள்ளியில ரெண்டு ஷிப்ட் வெச்சு அதிகப் பிள்ளைங்களைச் சேர்க்கலாம்ங்கிறது அரசு சொன்ன நியாயம். பெரியாரும் திமுகவும் இது குலக்கல்வின்னு கொதிச்சு எழுந்தாங்க. காங்கிரசுக்குள்ளயே எதிர்ப்பு. 1954ல ராஜாஜி பதவி விலகி, காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

அது நின்னதாலதான் எங்க அப்பா பள்ளிக்கூடத்துல முழு நாளும் உட்கார முடிஞ்சது.

ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டுலயும் பிள்ளைங்க கையில உளி இருக்கு. ஆனா ஸ்லொய்ட்ல தச்சர் பிள்ளைக்குக் கிடைக்கிற அதே 330 மணி நேரம் நீதிபதி பிள்ளைக்கும் உண்டு. ரெண்டு பேரும் ஒரே மேசையில நின்னு ஒரே வெண்ணெய்க்கத்தியைச் செய்யறாங்க. 1953 திட்டத்துல தச்சர் பிள்ளை தச்சு, வண்ணார் பிள்ளை வெளுப்பு. வக்கீல் பிள்ளை சாயங்காலம் என்ன கத்துக்கும்னு உங்களுக்கே தெரியும். கைத்தொழில் கேவலம்னு சொல்லி நாம அதை எதிர்க்கலை. யாருக்கு எந்தத் தொழில்னு பிறப்பு முடிவு பண்றதைத்தான் எதிர்த்தோம். ஆனா எதிர்த்து ஜெயிச்ச பிறகு, எல்லார் கையிலயும் உளியைக் கொடுக்கிற மிச்ச வேலையை நாம செய்யவே இல்லை. விளைவு? தச்சர் வீட்டுப் பேரன் தாத்தாகிட்ட கத்துக்க வேண்டியதை ஸ்வீடன்ல பல் டாக்டர்கிட்ட கத்துக்கிட்டு வர்றான்.

தாத்தாவோட கேள்விக்கு இப்ப பதில் தெரியுது. அந்த வைத்தியருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. உளியைக் கீழ வெச்சதும் அவரை யாரும் "ஏய்"னு கூப்பிடப் போறதில்லை. அதனாலதான் அவரால ரசிச்சுப் பிடிக்க முடியுது. இங்க அது எல்லாருக்கும் பொதுவான கருவி. நம்ம ஊர்ல அது இன்னும் ஒரு சாதிப் பேரு.

ஊர் ஊரா சிதறிக்கிடக்கிற நம்ம மாணவக் கண்மணிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்க கட்டடத்துலயோ பக்கத்து நூலகத்துலயோ இப்படி ஒரு பட்டறை இருக்கான்னு விசாரிங்க. ஒரு கத்தி, ஒரு துண்டு மரம், ரெண்டு சாயங்காலம் போதும், ஒரு வெண்ணெய்க்கத்தி வந்துரும். நமக்கு வெண்ணெய் வேணாம்னா தோசைமாவு கரைக்கிற துடுப்பு செய்யுங்க. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப அதைக் கொண்டு போங்க. முக்கியமா, உளியைத் தலைமுறை தலைமுறையாத் தொடாத வீட்டுக்காரங்க அவசியம் செய்யுங்க.

நான் அடுத்ததா செய்யப் போறது அப்பாவுக்கு ஒரு பேனா ஸ்டாண்டு. ஆபீஸ் மேசையில வைப்பாரா மாட்டாரான்னு தெரியலை. செஞ்சுதான் பார்க்கணும்.

டிஸ்கி: புளியங்கொட்டை 70ல ஒண்ணு குறையுதுன்னு பாட்டி போன்ல சொல்றாங்க. ஆட்டத்துல தோத்தவங்க யாரோ ஒளிச்சிருக்காங்க, என் மேல பழி இல்லை!