திங்கட்கிழமை நோயும் குதிரைத் தீவனமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் பாரவண்டி இழுத்த குதிரைகளுக்கு ஞாயிறன்று ஓய்வு கிடைத்ததே தவிர, தானியப் படி குறைக்கப்படவில்லை. மறுநாள் காலை வண்டியில் பூட்டிய சிறிது நேரத்திலேயே அவற்றுள் சில வியர்த்து நடுங்கி, பின்னங்கால்கள் விறைத்து, ஓரடியும் எடுத்துவைக்க மாட்டாமல் நின்றுவிட்டமையால், இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர் வழங்கலாயிற்று. பிட்டத்துத் தசை தொட்டால் கட்டைபோல் இறுகியிருக்கும். சிதைந்த தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம் கலப்பதால் சிறுநீர் காப்பி நிறம் கொள்ளும். அப்புரதம் சிறுநீரகத்தையும் பழுதாக்கக்கூடும் என்பதால், குதிரையை வலிந்து நடத்தாமல் நின்ற இடத்திலேயே நிறுத்தி மருத்துவரை அழைப்பதே முறை.

தசையில் லாக்டிக் அமிலம் மிகுவதே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது; அமிலம் மிகாத மெல்லோட்டத்திலேயே தசை சிதைவதைப் பிற்காலச் சோதனைகள் காட்டின. காரணம் ஒன்றன்று. குவார்ட்டர் குதிரை, பெர்ச்செரான் முதலிய இனங்களில் காணப்படும் ஒருவகைக்கு, சர்க்கரையைக் கிளைகோஜனாக, அதாவது தசையின் சேமிப்பு மாவுச்சத்தாக மாற்றும் நொதியின் மரபணுவில் நேர்ந்த பிழையே வேர் என 2008இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் கண்டறிந்தனர். ஓய்வில்லாது இயங்கும் அந்நொதியை, தானியம் தின்றபின் சுரக்கும் இன்சுலின் மேலும் தூண்டுவதோடு, உடற்கொழுப்பு எரிபொருளாக வெளிவருவதையும் தடுப்பதால், சேமிப்பு நிறைந்திருந்தும் தசை ஆற்றலின்றித் தவிக்கிறது. பந்தயக் குதிரைகளில் காணப்படும் வேறொரு வகையோ தசைச்செல்லின் கால்சியக் கட்டுப்பாட்டோடு தொடர்புடையது எனக் கருதப்படுகிறது. அங்கும் மொத்த ஆற்றலைக் குறைக்காமல், மாவுச்சத்துக்கு ஈடாகக் கொழுப்பைத் தந்தபோது சிதைவு குறைந்தது.

ஆகவே நோய்க்கு ஆளாகும் குதிரைக்கு ஓட்ஸ், பார்லி, வெல்லப்பாகு கலந்த தீவனம் ஆகியவற்றை நீக்கி, உலர்புல்லையே முதன்மை உணவாக்க வேண்டும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 7.5 முதல் 10 கிலோ வரை அது தேவைப்படும். இனிப்பு மிகுந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் சர்க்கரையின் ஒரு பகுதி கரைந்து போகும். குறையும் ஆற்றலைத் தாவர எண்ணெயால் ஈடுசெய்யும்போது, அதனை ஓரிரு வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டி, வைட்டமின் ஈயையும் சேர்த்துத் தர வேண்டும். செலினியமோ மிகுந்தால் நஞ்சாவதாகையால் தீவனத்தில் அதன் அளவை அறியாமல் சேர்க்கலாகாது. வியர்வையில் இழக்கும் உப்பையும் மறத்தலாகாது. இவை எல்லாவற்றினும் பலர் தவறுவது அன்றாடப் பயிற்சியில்தான்: எண்ணெயைத் தந்துவிட்டுக் குதிரையை லாயத்திலேயே கட்டிவைத்தால், தசை கொழுப்பை எரிக்கப் பழகாது, உடல்தான் பெருக்கும். ஏற்கெனவே பெருத்த குதிரைக்கு எண்ணெயே தேவையில்லை. தானியத்தை நிறுத்தி, புல்லை அளந்து போட்டு, நாள்தோறும் நடத்தினாலே போதும்.