மெட்டல் வாசிக்க ரெண்டு பாஸ் டிரம் வேணுமா?

வேணும்னுதான் நானும் நம்பியிருந்தேன். 1979-இல் வந்த மோட்டர்ஹெட்டின் 'ஓவர்கில்' பாட்டில் ஃபில் டெய்லர் ரெண்டு காலாலும் விடாமல் அடிப்பதைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனால் என் அறையில் 22 அங்குல பாஸ் டிரம் ஒன்று வைத்தாலே நடக்க இடமில்லை.

அதற்குத்தான் டபுள் பெடல். இடது காலின் மிதியை ஒரு தண்டு வலப்பக்கம் கடத்துகிறது. சுத்தி ரெண்டும் ஒரே டிரம்மில் விழும். ஒரே தோல் என்பதால் முதல் அடியின் அதிர்வு அடங்குமுன் அடுத்தது விழுந்து சத்தம் குழம்பும். உள்ளே ஒரு தலையணை வைத்தால் தெளிவாகிவிடும்.

மிச்சமாகும் காசை சிம்பலில் போடுங்கள். டிரம்முக்குத் தோல் மாற்றலாம், சுருதி கூட்டலாம். மட்டமான சிம்பலை ஒண்ணும் செய்ய முடியாது.