தஞ்சோங் ரம்புத்தான்: கேலிப் பெயருக்கு அப்பால்

பேராக் மாநிலத் தலைநகரான ஈப்போவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள புறநகர் தஞ்சோங் ரம்புத்தான். மலாய்மொழியில் 'தஞ்சோங்' என்பது நீர்ப்பரப்பினுள் நீண்டிருக்கும் நிலமுனையைக் குறிக்கும். பெரும்பாலும் கடற்கரை ஊர்களுக்கே இப்பெயர் வழங்குகிறது. இவ்வூரிலோ கடல் இல்லை. தித்திவாங்சா மலைத்தொடரிலிருந்து இறங்கி வரும் கிந்தா ஆறுதான் உண்டு. ஆற்று வளைவில் அமைந்த நிலமுனையையும் 'தஞ்சோங்' என்றே அழைப்பர்.

கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகின் வளமிக்க ஈய வயல்களுள் ஒன்றாகத் திகழ்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈயம் தோண்டச் சீனர்கள் பெருந்திரளாக இங்கு வந்தனர். இரயில் பாதை அமைக்கவும், பின்னர் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவவும் தமிழர்கள் வந்தனர். ஆற்றோரக் கம்பங்களில் மலாய்க்காரர்களும், மலைச்சரிவுகளில் பூர்வகுடியினரான ஓராங் அஸ்லி மக்களும் வாழ்ந்தனர். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி ஆகியவை இந்தப் பல்லின வரலாற்றின் அடையாளங்களாக இன்றும் விளங்குகின்றன.

ஈயமும் ரப்பரும் வளம் தந்தபோதிலும் அவற்றின் விலை உலகச் சந்தையைச் சார்ந்தே இருந்தது. 1985-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அனைத்துலக ஈய மன்றத்திடம் விலையைத் தாங்கி நிறுத்தப் போதிய நிதி இல்லாமற்போனது. இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது. அதன் விளைவாக ஈய விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பலர் வேலை தேடி வெளியூர்களுக்குச் சென்றனர்.

தஞ்சோங் ரம்புத்தானுக்கு மட்டும் வேறொரு பற்றுக்கோடு இருந்தது. 1911-இல் இங்கு மனநல மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. பின்னாளில் 'பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை' எனப் பெயர் பெற்ற இது, நாட்டின் மிகப் பழைமையான பெரிய மனநல மருத்துவமனைகளுள் ஒன்றாகும். 'பஹாகியா' என்றால் மகிழ்ச்சி என்று பொருள். மருத்துவர், தாதியர், சமையற்காரர், துப்புரவுப் பணியாளர் எனப் பலருக்கு இது வேலை தந்தது. ஈய விலை ஏறினாலும் இறங்கினாலும் இவர்களது மாதச் சம்பளம் மாறவில்லை. அந்தச் சம்பளம் காலைச் சந்தையிலும் மளிகைக் கடைகளிலும் உணவகங்களிலும் செலவானதால் சிறு வணிகமும் நிலைத்தது.

இன்று இவ்வூர் ஈப்போ மாநகர் மன்றத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. உலு கிந்தாவிலுள்ள பொது நடவடிக்கைப் படை முகாமும் இப்பகுதியினருக்கு வருவாய் தருகிறது. வீட்டு விலையும் வாடகையும் நகர மையத்தைவிடக் குறைவாக இருப்பதால், ஈப்போவில் வேலை செய்யும் குடும்பங்கள் இங்குள்ள வீடமைப்புப் பகுதிகளில் குடியேறுகின்றன. ஆற்றின் மேற்பகுதியிலுள்ள சுல்தான் அஸ்லான் ஷா அணை ஈப்போ வட்டாரத்திற்குக் குடிநீர் வழங்குகிறது.

இத்துணைச் சிறப்புகள் இருந்தும், நாட்டின் பல இடங்களில் இவ்வூரின் பெயர் கேலிச் சொல்லாகவே வழங்குகிறது. "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்" என்று விளையாட்டாகச் சொல்பவர் உண்டு. இக்கேலி ஊர்மக்களை வருத்துவதோடு நிற்பதில்லை. மனநலம் குன்றியவர், பிறர் நகைப்பார்களோ என்று அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் அது காரணமாகிறது. பெல்ஜியம் நாட்டிலுள்ள கீல் என்னும் ஊரில், பல நூற்றாண்டுகளாக மக்கள் மனநோயாளிகளைத் தம் வீடுகளிலேயே தங்கவைத்துப் பராமரித்து வருகின்றனர். அதனால் அவ்வூர் உலகப் புகழ் பெற்றது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நோயுற்றோரைப் பேணிவரும் தஞ்சோங் ரம்புத்தானும் அத்தகைய மதிப்புக்கு உரியதே.