கிளைக்கால் கலவைகளைப் பிரித்தறிவதில் வண்ணப்பிரிகையின் அடிப்படைகள்

2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்தின் ஒரு தொகுதியில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததைத் தமிழ்நாட்டு அரசின் மருந்து ஆய்வகம் கண்டறிந்தது. அம்மருந்தை உட்கொண்ட குழந்தைகள் 20-க்கும் மேற்பட்டோர் மத்தியப் பிரதேசத்தில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். ஏற்கத்தக்க வரம்போ 0.1 விழுக்காடே. மருந்துக்குரிய கரைப்பானாகிய புரொப்பிலீன் கிளைக்காலும் இந்நஞ்சும் நிறமற்ற, பாகுபோன்ற நீர்மங்கள். பார்வையால் வேறுபடுத்த இயலாது. அடர்த்தி (1.04, 1.12) தூய நிலையில் வேறுபாட்டைக் காட்டும், சிறிதளவே கலந்திருப்பின் அதுவும் உதவாது. எனவே பிரித்த பின்னரே அளக்க வேண்டும்.

வண்ணப்பிரிகையில், நிலையான நிலைமை ஒன்றின் மீது நகரும் நிலைமை ஒன்று கலவையைச் சுமந்து செல்கிறது. ஒவ்வொரு சேர்மமும் இவ்விரண்டிற்கும் இடையே தனக்குரிய விகிதத்தில் பங்கிடப்படுகிறது. நிலையான நிலைமையில் மிகுதியாகத் தங்குவது பின்தங்கும். குறைவாகத் தங்குவது முந்தும். ஒருமுறை நிகழும் பங்கீடு தரும் வேறுபாடு சிறிது. அது ஆயிரக்கணக்கில் மீள நிகழ்வதாலேயே பிரிகை முழுமையடைகிறது.

கொதிநிலை குறைந்ததே முதலில் வெளிவரும் என மாணவர் பலர் கருதுகின்றனர். இது பாதி உண்மையே. புரொப்பிலீன் கிளைக்கால் 188 பாகை செல்சியசிலும், எத்திலீன் கிளைக்கால் 197 பாகையிலும் கொதிக்கும். ஆயினும் மருந்து நூல்கள் பரிந்துரைக்கும் நடுத்தர முனைவுத்தன்மையுள்ள வாயு வண்ணப்பிரிகைக் குழலில் எத்திலீன் கிளைக்காலே முந்துகிறது. அதில் ஒரு கார்பன் குறைவாதலால் குழலின் பிடிப்பும் குறைவு. ஹைட்ராக்சில் தொகுதியை வலுவாகப் பற்றும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பூசிய குழலில் இவ்வரிசை தலைகீழாகிறது. 245 பாகையில் கொதிக்கும் டைஎத்திலீன் கிளைக்கால் இரண்டிலும் பிந்தியே வருகிறது. ஆகவே, எந்தக் குழல் எனக் கூறாமல் தக்கவைப்பு நேரத்தை மட்டும் குறிப்பிடுவது பொருளற்றது.

வாயு வண்ணப்பிரிகைக் கருவி இல்லாத இடங்களுக்கென, உலகச் சுகாதார நிறுவனத்தின் முறை மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகையை முதற்கட்டச் சோதனையாக வைக்கிறது. ஐயத்திற்குரியவை மட்டும் வாயு வண்ணப்பிரிகைக்குச் செல்கின்றன. சிலிக்கா தட்டில் கிளைக்கால்கள் கண்ணுக்குத் தெரியா. பொட்டாசியம் பெர்மாங்கனேட் தெளித்தால் ஆக்சிஜனேற்றமடைந்து புள்ளிகளாகத் தோன்றும். (இங்கு ‘வண்ணம்’ என்பது ட்ஸ்வெட் 1906இல் இலை நிறமிகளைக் கொண்டு இட்ட பெயரின் எச்சமே.)

நம் கல்லூரிகளில் இச்சோதனை பெரும்பாலும் எழுதுமையுடன் முடிந்துவிடுகிறது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதிகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களுக்குச் செல்லவிருக்கும் மாணவருக்கு, கலப்படமற்ற கிளைக்காலையும் கலப்படமானதையும் ஒரே தட்டில் அருகருகே ஓட்டிக் காட்டலாம். அதற்குச் சிலிக்கா தட்டும், கரைப்பானும், மூடிய கண்ணாடிக் கலமும், புகைபோக்கி அறையும் போதும்.