மணி சொல்லும் செயற்கைக்கோள்

மேப்பைத் திறந்ததும் நீலப் புள்ளி நம் தெருவில் வந்து நிற்கிறது. "மேலேயிருந்து பார்த்துக்கிட்டே இருக்காங்க போல" என்று சொல்லாதவர் குறைவு. உண்மையில் ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு நீங்கள் ஒருவர் இருப்பதே தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, இப்போது மணி என்ன, தான் இருக்கும் இடம் எது என்பதை ஓயாமல் ஒலிபரப்புகிறது. கைபேசி காது கொடுப்பதோடு சரி. (நம் இருப்பிடம் யாருக்காவது தெரிகிறதென்றால், அதை இணையம் வழியே போட்டுக்கொடுத்தது ஏதோ ஒரு செயலி. செயற்கைக்கோள்மேல் பழி வேண்டாம்.)

சிக்னல் கிளம்பிய நேரத்துக்கும் வந்துசேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் வந்துவிடும். மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் பிடிபட வேண்டும். ஆனால் வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே கணக்கு 300 மீட்டர் தப்பும். மேலே இருப்பது அணுக்கடிகாரம். கைபேசியில் இருப்பதோ மலிவான குவார்ட்ஸ். அதனால் நான்காவது செயற்கைக்கோளையும் சேர்த்துக்கொண்டு, தன் கடிகாரம் எவ்வளவு தப்பு என்பதையும் கைபேசி கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறது. நல்ல கடிகாரம் வாங்க வசதியில்லாதவன் நாலு பேரிடம் விசாரித்துத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வது மாதிரி. இந்த ஏற்பாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த சாமர்த்தியம் இதுதான்.

ஐன்ஸ்டைனுக்கும் இதில் வேலை உண்டு. அவருடைய சார்பியல் கொள்கைப்படி, அந்த உயரத்தில் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோவினாடி முந்தி ஓடும். அப்படியே விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிழை சேரும். ஆகவே சற்று மெதுவாக ஓடும்படி தரையிலேயே திருத்தித்தான் அனுப்புகிறார்கள்.

வந்துசேரும் சிக்னலோ சுற்றுப்புற இரைச்சலைவிடப் பலவீனமானது. ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் 1,023 துணுக்குகள் கொண்ட தனிக் குறியீட்டு வரிசை உண்டு. மில்லிவினாடிக்கு ஒருமுறை அது திரும்ப வரும். அதன் நகலைக் கைபேசி தானே உருவாக்கி, நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்க்கிறது. திருவிழாக் கூட்டத்தில் அம்மாவின் குரல் மட்டும் குழந்தைக்குக் கேட்பதுபோல. கான்கிரீட் கூரைக்கு அடியில் அந்தக் குரலும் எட்டாது.

கடிகாரம் நின்றால் என்ன ஆகும் என்பதை இஸ்ரோ பட்டு அறிந்தது. இந்தியாவின் சொந்த வழிகாட்டு அமைப்பான 'நாவிக்'கின் முதல் செயற்கைக்கோள் ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ, 2013இல் ஏவப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வாங்கிப் பொருத்திய அதன் மூன்று ருபீடியம் கடிகாரங்களும் சில ஆண்டுகளில் செயலிழந்தன. செயற்கைக்கோள் சுற்றிக்கொண்டுதான் இருந்தது; மணி சொல்ல முடியாததால் வழிகாட்டவும் முடியவில்லை. 2023 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அதே அமைப்பின் என்விஎஸ்-01 செயற்கைக்கோளில், அகமதாபாத்தில் உருவான ருபீடியம் கடிகாரமும் ஏறிப் போனது.